டெலோஸ் தீவின் இடிபாடுகளைக் காணச் செல்வோருக்கு: ஒரு பகற்பொழுதுக்கான வழிகாட்டி

ஈஜியன் கடலில், மிகோனோஸ் தீவுக்குத் தென்மேற்கே, படகில் அரை மணி நேரத் தொலைவில் டெலோஸ் இருக்கிறது. வடக்குத் தெற்காக ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளமும், அகன்ற இடத்திலும் ஒன்றேகால் கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த அகலமும் கொண்ட, மரம் என்று சொல்லத்தக்கவை விரல்விட்டு எண்ணும் அளவே உள்ள கற்பாங்கான தீவு அது. அப்போலோ பிறந்த இடம் என்று கிரேக்கர்கள் போற்றிய இத்தீவு, கி.மு. 2ஆம் நூற்றாண்டில் கிழக்கு மத்தியதரைக் கடலின் பெருஞ்சந்தையாக வளர்ந்து, பல்லாயிரம் பேர் நெருக்கியடித்து வாழ்ந்த துறைமுக நகரமாகி, அடுத்த நூற்றாண்டிலேயே இரண்டு முறை சூறையாடப்பட்டு, பின்னர் மெல்ல மெல்ல ஆளற்றுப்போனது. மேலே புதிய ஊர் எதுவும் எழாததால், பழைய ஊர் தெருவும் வாசலுமாக இன்றும் கிடக்கிறது. 1990இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.

தீவில் விடுதி இல்லை, கடைத்தெருவும் இல்லை. காவலர்களையும் அகழாய்வுப் பணியாளர்களையும் தவிர வேறெவருக்கும் இரவு தங்க அனுமதி கிடையாது. காலையில் படகேறிச் சென்று அன்றே திரும்பியாக வேண்டும் என்பதால், உங்கள் கையில் இருப்பது மூன்று அல்லது நான்கு மணி நேரம்தான். பெரும்பாலான பயணிகள் இறங்கியதும் கூட்டத்தோடு கூட்டமாகச் சிங்கச் சிலைகளை நோக்கி நடந்து, படம் எடுத்துக்கொண்டு, வெயில் ஏறிய பிறகு களைத்த கால்களோடு வீடுகள் உள்ள மேட்டுப் பகுதியை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். என் கணக்கில் அது தலைகீழ் வரிசை. கோயில்களின் எச்சங்களை ஏதென்சிலும் பார்க்கலாம், டெல்ஃபியிலும் பார்க்கலாம். ஒரு பழைய கிரேக்க ஊரின் வீடுகளுக்குள் படியேறி, முற்றத்தில் நின்று, கிணற்றை எட்டிப் பார்க்கும் வாய்ப்பைத் தரும் இடங்கள் மிகச் சிலவே. பின்வரும் குறிப்புகள் அந்த எண்ணத்தை ஒட்டியே அமைந்துள்ளன.

காலமும் காற்றும்

களம் பொதுவாக ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கும். குளிர்காலத்தில் படகுகள் ஓடுவதில்லை. ஏப்ரல் இறுதியிலும் மே மாதத்திலும் சென்றால் இடிந்த சுவர்களுக்கிடையே சிவப்புக் கசகசாப் பூக்களும் மஞ்சள் காட்டுப்பூக்களும் மண்டிக் கிடப்பதைக் காணலாம். ஜூன் பிறந்தால் எல்லாம் காய்ந்து வைக்கோல் நிறமாகிவிடும். செப்டம்பர் இறுதியும் அக்டோபர் தொடக்கமும் நடப்பதற்கு இதமானவை.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வெயிலைக் காட்டிலும் கவலை தருவது காற்று. வடக்கிலிருந்து வீசும் மெல்டெமி என்னும் கோடைக்காற்று, வானம் துடைத்துவிட்டாற்போல் தெளிந்திருக்கும் நாளிலும் கடலைக் கொந்தளிக்க வைக்கும்; காற்று மிகுந்தால் படகுகளை நிறுத்திவிடுவார்கள். முதன்முறை சென்றபோது நான் இரண்டு காலைகள் துறைக்கு வந்து, 'இன்று படகு இல்லை' என்று கேட்டுத் திரும்பி, மூன்றாம் நாள்தான் கடலைக் கடந்தேன். எனவே மிகோனோசில் குறைந்தது இரண்டு இரவுகள் தங்குமாறு திட்டமிடுங்கள். வந்து சேர்ந்த மறுநாளே டெலோசுக்குக் கிளம்பிவிடுங்கள். கடைசி நாளுக்கு ஒத்திவைத்தால், அன்று காற்று வீசினால், பார்க்காமலேயே ஊர் திரும்ப வேண்டியதுதான்.

மிகோனோஸ் வரை

கிரீஸ் ஷெங்கன் நாடுகளில் ஒன்று. இந்தியக் கடவுச்சீட்டோ இலங்கைக் கடவுச்சீட்டோ வைத்திருப்பவர்கள் ஷெங்கன் விசா பெற்றே செல்ல வேண்டும். ஏதென்சிலிருந்து மிகோனோசுக்கு விமானம் உண்டு. கப்பலில் செல்ல விரும்பினால் பிரேயஸ் துறைமுகத்திலிருந்தோ, விமான நிலையத்துக்கு அருகிலுள்ள ரஃபீனா துறைமுகத்திலிருந்தோ ஏறலாம். பிரேயசிலிருந்து விரைவுக் கப்பல் மூன்று மணி நேரத்துக்குள்ளாகவோ சற்றுக் கூடுதலாகவோ கொண்டு சேர்க்கும். வழக்கமான பெரிய கப்பலுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். கடற்பயணத்தில் குமட்டல் வருபவர்களுக்குப் பெரிய கப்பலே நல்லது. விரைவுக் கப்பல் அலையில் தூக்கிப் போடும், மேல்தளத்தில் நின்று காற்று வாங்கவும் பெரும்பாலும் இடம் இராது.

புதியவர்கள் தவறாமல் குழம்பும் இடம் ஒன்று உண்டு. மிகோனோசில் இரண்டு துறைகள் இருக்கின்றன. பெரிய கப்பல்கள் வந்து நிற்பது ஊருக்கு வடக்கே சுமார் 2 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தூர்லோஸ் புதிய துறைமுகம். டெலோஸ் படகுகள் புறப்படுவது ஊரை ஒட்டியே உள்ள பழைய துறையிலிருந்து. இரண்டுக்கும் இடையே பேருந்தும் சிறு படகும் உண்டு. ஆனால் படகு கிளம்பப் பத்து நிமிடம் இருக்கும்போது தவறான துறையில் நிற்பது நல்ல அனுபவம் அல்ல.

மிகோனோசில் கோடைக்கால விடுதிக் கட்டணம் கண்ணைக் கட்டும். செலவைக் குறைக்க எண்ணுபவர்கள் நாக்சோசிலோ பாரோசிலோ தங்கி, அங்கிருந்து கோடையில் இயங்கும் ஒருநாள் சுற்றுப் படகில் டெலோஸ் வந்து போகலாம். அவை பெரும்பாலும் அதே நாளில் மிகோனோசையும் காட்டிவிட்டுத் திரும்புவதால், டெலோசில் கிடைக்கும் நேரம் சுருங்கிவிடும் என்பதை மட்டும் கருத்தில் கொள்ளுங்கள்.

படகும் சீட்டும்

இரண்டு சீட்டுகள் வேண்டும்: ஒன்று படகுக்கு, மற்றொன்று தொல்லியல் களத்துக்குள் நுழைவதற்கு. படகுச் சீட்டை வாங்கிவிட்டு, நுழைவுக் கட்டணமும் அதிலேயே அடக்கம் என்று எண்ணிச் செல்பவர்கள் பலர். சீட்டு விற்குமிடத்தில் அதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். மிகோனோசிலிருந்து வாங்கும் போக்குவரத்துச் சீட்டில் வழக்கமாக எந்தத் திரும்புப் படகிலும் ஏறலாம். அன்றைய கடைசிப் படகின் நேரத்தை மட்டும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் பருவத்துக்கேற்பவும் கிழமைக்கேற்பவும் மாறும். திங்கட்கிழமைகளில் சேவை குறைவாக இருப்பதுண்டு.

நாளின் முதற்படகில் ஏறுங்கள். அதுதான் இக்கட்டுரையில் சொல்லும் எல்லாவற்றிலும் மிகப் பயனுள்ள அறிவுரை. பத்து மணிக்கு மேல் வரும் குழுக்கள் ஒவ்வொன்றும் ஐம்பது, அறுபது பேரோடு வரும். அதற்குள் நீங்கள் குறுகிய தெருக்களை முடித்திருப்பீர்கள்.

பையில் ஆளுக்கு ஒன்றரை லிட்டராவது தண்ணீர், கொஞ்சம் உணவு, தாடைக்கடியில் கட்டும் நாடாவுள்ள தொப்பி, காற்றைத் தடுக்கும் மெல்லிய மேலாடை ஆகியவை இருக்கட்டும். நாடா இல்லாத தொப்பியை மலையுச்சியில் காற்று கொண்டுபோய்விடும். தீவில் சிற்றுண்டிச் சாலை திறந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். கால்களுக்குப் பிடிப்புள்ள அடிப்பாகம் கொண்ட மூடிய காலணி வேண்டும். இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தேய்ந்த கல்லில் செருப்பு வழுக்கும். தீவின் வரைபடத்தை முன்னதாகவே கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

முன்னதாக அறிந்திருக்க வேண்டிய வரலாறு

பெயர்ப்பலகைகள் சுருக்கமானவை. ஆகவே கதையின் எலும்புக்கூட்டையாவது மனத்தில் வைத்துக்கொண்டு செல்ல வேண்டும். இல்லாவிட்டால் பார்ப்பதெல்லாம் கற்குவியலாகத் தோன்றும்.

சியுஸ் கடவுளால் கருவுற்ற லேட்டோவுக்கு, சியுசின் மனைவி ஹேராவின் சினத்துக்கு அஞ்சி எந்த நிலமும் பிள்ளைப்பேற்றுக்கு இடம் தரவில்லை. கடலில் மிதந்து திரிந்த டெலோஸ் மட்டுமே இடம் தந்தது. அங்கே ஒரு பேரீச்சை மரத்தைப் பற்றிக்கொண்டு அவள் அப்போலோவை ஈன்றாள் என்பது புராணம். அந்தக் கணத்தில் தீவு கடலடியில் ஊன்றி நிலைபெற்றதாம். டெலோஸ் என்ற சொல்லுக்குப் 'புலப்படுவது' என்று பொருள். அயோனியக் கிரேக்கர்கள் தங்கள் பெருவிழாவுக்கு மனைவி மக்களோடு இங்கே கூடியதைப் பழைய துதிப்பாடல் ஒன்று பாடுகிறது. நம் சங்கப் பாடல்களில் வரும் 'யவனர்' என்ற சொல், அந்த அயோனியர் பெயரிலிருந்து பாரசீகம், வடமொழி வழியாகத் திரிந்து வந்ததே.

தீவின் புனிதத்தைப் பெரிய அரசுகள் தங்கள் அரசியலுக்கு நன்றாகவே பயன்படுத்திக்கொண்டன. கி.மு. 478இல் பாரசீகருக்கு எதிராக ஏதென்ஸ் அமைத்த கூட்டணியின் கருவூலம் இங்கேதான் இருந்தது, கி.மு. 454இல் அது ஏதென்சுக்கே எடுத்துச் செல்லப்பட்டது. கி.மு. 426இல் ஏதென்சியர்கள் தீவைத் 'தூய்மைப்படுத்தி' எல்லாக் கல்லறைகளையும் தோண்டி எலும்புகளை எதிரிலுள்ள ரேனியா தீவுக்கு மாற்றினார்கள். இனி டெலோசில் யாரும் பிறக்கவும் கூடாது, இறக்கவும் கூடாது என்று விதித்தார்கள். நிறைசூலிகளும் சாகக் கிடப்பவர்களும் படகில் ரேனியாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். சில ஆண்டுகளில் உயிரோடிருந்த குடிகளையும் விரட்டிவிட்டார்கள். தூய்மை என்ற பேச்சு எங்கே போய் முடியும் என்பதற்கு அதுவே சான்று. சாக்ரட்டீசின் மரண தண்டனை தள்ளிப்போனதற்கும் டெலோஸ்தான் காரணம்: புனிதக் கப்பல் டெலோசுக்குப் போய்த் திரும்பும் வரை ஏதென்சில் எவரையும் கொல்லக்கூடாது என்பது வழக்கம்.

நீங்கள் காணப்போகும் வீடுகளில் பெரும்பாலானவை இதற்கெல்லாம் பிந்தியவை. கி.மு. 166 அளவில் உரோமானியர்கள் தீவை ஏதென்சின் பொறுப்பில் விட்டு, சுங்கவரி இல்லாத் துறைமுகமாக்கினார்கள். இத்தாலியர், சிரியர், பெனிசியர், எகிப்தியர், யூதர் என்று பலரும் வந்து குடியேறினார்கள். ஒரே நாளில் பத்தாயிரம் அடிமைகளை இறக்கி விற்று அனுப்பும் ஆற்றல் இத்துறைக்கு இருந்ததாகப் புவியியலாளர் ஸ்டிராபோ எழுதுகிறார். 'வணிகனே, கரைசேர், சரக்கை இறக்கு, எல்லாம் விற்றாயிற்று' என்பது அக்காலப் பழமொழியாம். சிறு கற்களால் சித்திரம் பதித்த அழகிய மொசைக் தரைகளுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதை அவற்றின் முன் நிற்கும்போது மறக்க வேண்டாம். கி.மு. 88இல் பொந்தஸ் மன்னர் ஆறாம் மித்ரிதாத்தின் படையும், கி.மு. 69இல் கடற்கொள்ளையரும் ஊரை அழித்தனர். வணிக வழிகளும் மாறிப்போகவே, அதன் பிறகு தீவு தலையெடுக்கவில்லை. 1870களில் ஏதென்சிலுள்ள பிரெஞ்சுத் தொல்லியல் பள்ளி தொடங்கிய அகழாய்வு இன்றும் தொடர்கிறது.

நேரம் இருந்தால் முதல்நாளே மிகோனோஸ் பழைய துறைக்கு அருகிலுள்ள தொல்லியல் அருங்காட்சியகத்தைப் பாருங்கள். ரேனியாவுக்கு மாற்றப்பட்ட அந்தக் கல்லறைகளில் இருந்த பானைகளும் பிறவும் அங்கேதான் உள்ளன.

நடைவழி

படகிலிருந்து இறங்கி நுழைவாயிலைக் கடந்தவுடன் ஒரு திறந்த சதுக்கம் வரும். கொம்பெத்தாலியஸ்தர் என்ற குழுவினரின் பெயரால் வழங்கும் சந்தைவெளி அது. உரோமானியத் தெருமுனைத் தெய்வங்களை வழிபட்ட விடுதலை பெற்ற அடிமைகளும் அடிமைகளும் சேர்ந்த குழு. தரைக்கற்களைக் குனிந்து பார்த்தால் ஆங்காங்கே துளைகள் தெரியும். வெயிலுக்குப் பந்தல் போட நட்ட கம்புகளுக்கான குழிகள் என்று அவற்றைக் கருதுகிறார்கள்.

இங்கே எல்லோரும் இடப்பக்கம், வடக்கே செல்லும் புனிதப் பாதையில் திரும்புவார்கள். நீங்கள் வலப்பக்கம் திரும்பி அரங்கக் குடியிருப்புக்குள் ஏறுங்கள்.

தெரு குறுகலாகத் தொடங்கி மேடேறும். இருபுறமும் கடைகள், அகன்ற வாசல் தெருவைப் பார்த்து இருந்தால் கடை, ஒடுங்கிய வாசல் உள்ளே திரும்பினால் வீடு என்று கொள்ளலாம். காலடியிலுள்ள பாறைப் பலகைகளுக்குக் கீழே கழிவுநீர்க் கால்வாய் ஓடுகிறது. பலகை விலகியிருக்கும் இடங்களில் அதைக் காணலாம். முதலில் வரும் பெரிய வீடுகளில் ஒன்று டயோனிசஸ் வீடு. முற்றத்தைச் சுற்றி உயர்ந்த பளிங்குத் தூண்கள். நடுவே மதுவின் கடவுளான டயோனிசஸ், சிறகு முளைத்தவராய், புலி மீது சவாரி செய்யும் மொசைக். நம் வீடுகளில் போடும் மொசைக் தரையை மனத்தில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். சில கற்கள் அரிசி மணியைவிடச் சிறியவை; புலியின் கழுத்தில் திராட்சைக் கொடி மாலை இருப்பதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் உற்றுப் பார்க்க வேண்டும்.

சற்று மேலே கிளியோபாத்ரா வீடு. எகிப்திய அரசி அல்ல. ஏதென்சிலிருந்து வந்து குடியேறிய ஒரு செல்வந்தப் பெண். தன் கணவர் டயஸ்கூரிடிஸ் அப்போலோ கோயிலுக்கு இரண்டு வெள்ளி முக்காலிகள் அளித்ததை ஊரறியச் செய்வதற்காகக் கி.மு. 138 அளவில் அவள் இங்கே நிற்கும் இருவரின் சிலைகளை நிறுவினாள் என்று பீடத்தின் எழுத்து சொல்கிறது. இருவருக்கும் இன்று தலை இல்லை. ஆனாலும் மேலாடையை இழுத்துப் போர்த்திய அவளுடைய நிற்கும் தோரணையைப் பார்த்தால், வாசலுக்கு வருபவர் யாரும் அதைப் பார்க்காமல் உள்ளே போகக்கூடாது என்று எண்ணியவள் என்பது விளங்கும்.

திரிசூல வீட்டில் நாடா கட்டிய திரிசூலமும், நங்கூரத்தைச் சுற்றிய ஓங்கிலும் (டால்பின்) தரையில் உள்ளன. கடலால் செல்வம் சேர்த்த குடும்பம் போலும்.

இந்த வீடுகள் எதிலானாலும் தரைச் சித்திரத்தைப் பார்த்து முடித்ததும் கிணற்றைத் தேடுங்கள். தீவில் ஓடும் நீர் மிகக் குறைவு என்பதால், கூரையில் விழும் மழையை முற்றத்துக்கு இறக்கி, முற்றத்துக்கு அடியிலேயே தொட்டி கட்டித் தேக்கினார்கள். முற்றம் வைத்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த அமைப்பை விளக்கவே வேண்டாம். நான் பார்த்த ஒரு முற்றத்தில் பளிங்காலான உறையின் விளிம்பில் ஏழெட்டு இடங்களில் விரல் ஆழத்துக்குக் கயிறு தேய்த்த தடம் இருந்தது. சுண்டுவிரலை அளவாகப் பொருத்தலாம் போலிருந்தது. தொடக்கூடாது என்பதால் பொருத்திப் பார்க்கவில்லை. அந்தக் கயிற்றை இழுத்த கைகள் வீட்டுத்தலைவியின் கைகளாக இருந்திருக்க வாய்ப்பில்லை. கல்வெட்டில் பெயர் பொறிக்காத அந்த ஆட்கள் இந்த ஊரில் விட்டுச்சென்ற எழுத்து அந்தத் தடங்கள்தான் என்று எனக்குப் பட்டது.

தெருவின் மேல்முனையில் அரங்கு. ஐயாயிரத்து ஐந்நூறு பேர் வரை அமரக்கூடிய இதன் இருக்கைகள் பெரும்பாலும் குலைந்துவிட்டன. ஆனால் அரங்கின் அடியில் இருக்கும் பெரிய நீர்த்தொட்டியைத் தவறவிடாதீர்கள். சரிவான இருக்கைகளில் விழுந்த மழை முழுவதும் வழிந்து இதற்குள் வரும்படி அமைத்திருக்கிறார்கள். மேல்மூடியைத் தாங்கிய கல் வளைவுகள் வரிசையாக இன்றும் நிற்கின்றன. நாடகம் பார்க்கும் இடத்தையே ஊருணிக்கு வரத்துக்காலாக ஆக்கிய அந்தச் சிக்கனம் எனக்கு நாடகத்தைவிடச் சுவையாக இருந்தது. அருகிலேயே முகமூடி வீடும் ஓங்கில் வீடும் உள்ளன. ஓங்கில் வீட்டு நுழைவாயிலில், பெனிசியத் தெய்வமான தானித்தின் சின்னம், கையை நீட்டி நிற்கும் ஒரு குச்சி உருவம் போல, பதிக்கப்பட்டிருக்கும். வீட்டுக்காரர் எந்தக் கரையிலிருந்து வந்தவராக இருக்கலாம் என்பதற்கு அது குறிப்பு.

அங்கிருந்து கிந்தோஸ் குன்றின் அடிவாரத்தை நோக்கி நடந்தால் அயல்நாட்டுத் தெய்வங்களின் மேடை வரும். சிரியத் தெய்வங்களுக்கும் எகிப்தியத் தெய்வங்களுக்கும் இங்கே கோயில்கள் இருந்தன. தூக்கி நிறுத்தப்பட்டுள்ள ஐசிஸ் கோயிலின் முகப்பு தூரத்திலிருந்தே தெரியும். உள்ளே தலையில்லாத ஐசிஸ் நிற்கிறாள். இப்பகுதியில் ஓடிய இனோபோஸ் என்ற சிற்றோடை நைல் நதியோடு நிலத்தடியில் தொடர்புடையது என்று பழையவர்கள் நம்பினார்கள்.

இனி குன்று. 112 மீட்டர் உயரம்தான்; கற்படிகள் உள்ளன. முழங்கால் வலி உள்ளவர்களும், படகுக்கு இன்னும் இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாகவே மிச்சம் வைத்திருப்பவர்களும், காற்று பலமாக வீசும் நாளில் சிறு குழந்தைகளோடு வந்திருப்பவர்களும் இதைத் தயங்காமல் விட்டுவிடலாம். மற்றவர்கள் ஏறுங்கள். வழியில் சற்று விலகிச் சென்றால், பெரிய கருங்கற் பாளங்களைக் கூரைபோல் ஒன்றன்மேல் ஒன்று சாய்த்துக் கட்டிய ஹெராக்கிளிஸ் குகை இருக்கிறது. உச்சியில் நின்றால் மிகோனோஸ், டீனோஸ், சீரோஸ், பாரோஸ், நாக்சோஸ் எல்லாம் வட்டமாகச் சூழ்ந்து நிற்கும். இத்தீவுக்கூட்டத்துக்குக் 'கிக்ளடீஸ்', அதாவது டெலோசைச் சுற்றி நிற்பவை என்ற பெயர் ஏன் வந்தது என்பதை வரைபடத்தைவிட இந்த இடம் நன்றாக விளக்கும். இங்கிருந்து கீழே பார்த்து, இனி நடக்க வேண்டிய பகுதியைக் கண்ணால் அளந்துகொள்ளுங்கள்.

சூடேறிய சுவர்கள்மேல் தலையாட்டிக்கொண்டிருக்கும் ஓணான்களைக் கண்டு புன்னகைக்கத் தோன்றும். நம் ஓணானின் உறவினம்தான். எகிப்தில் முதலையை முதலில் பார்த்த அயோனியர்கள், தங்கள் கற்சுவர்களில் திரியும் பல்லியினத்தின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள் என்கிறார் பழங்கிரேக்க வரலாற்றாளர் ஹெரோடோட்டஸ். 'குரோகடைல்' என்ற சொல் அப்படி வந்தது.

குன்றிலிருந்து இறங்கி வடக்கே நடந்தால் அருங்காட்சியகம். அது திறந்திருக்கிறதா, எந்த அறைகளைக் காணலாம் என்பதைப் படகேறும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். திறந்திருந்தால் மூலச் சிங்கங்களை இங்கேதான் காண்பீர்கள். வெளியே மேடையில் இருப்பவை பிரதிகள். உப்புக்காற்று அரித்ததால் மூலங்களை உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். நாக்சோஸ் தீவினர் கி.மு. 7ஆம் நூற்றாண்டின் இறுதியில் தங்கள் ஊர்ப் பளிங்கில் செய்து காணிக்கையாக வைத்தவை இவை. உடல் ஒல்லி, வாய் திறந்திருக்கும், முகத்தில் பாதி அழிந்துவிட்டது. உண்மையான சிங்கத்தைப் பார்த்திராத சிற்பியின் கைவேலை போலவே எனக்குத் தோன்றியது. அதனாலேயே அவற்றை மறக்க முடியவில்லை. ஒன்றை வெனிஸ் நகரத்தவர்கள் எடுத்துச் சென்று, தங்கள் கப்பற்கட்டுத் தள வாயிலில் வேறொரு தலை பொருத்தி நிறுத்தியிருக்கிறார்கள்.

வெளியே சிங்கங்கள் கிழக்கே பார்த்து அமர்ந்திருப்பது ஒரு காலத்தில் நீர் நிறைந்திருந்த புனித ஏரியை நோக்கி. மலேரியாக் கொசுவுக்கு அஞ்சி 1920களில் ஏரியை வற்றச் செய்துவிட்டார்கள். லேட்டோவின் நினைவாக நடுவே ஒற்றைப் பேரீச்சை நிற்கிறது. பக்கத்திலுள்ள விரிந்த நாற்கோண வெளி இத்தாலியர் சந்தை. அது அடிமைச் சந்தையாகவும் இருந்ததா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

கடைசியாக அப்போலோவின் வளாகம். இங்கே எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு நுழையுங்கள். மூன்று கோயில்கள் அருகருகே இருந்தன. இன்று அடித்தளங்கள்தான் மிச்சம். பிற்காலத்தில் கட்டடக் கல்லுக்காகச் சுற்றுத் தீவினர் இங்கிருந்து பளிங்கை அள்ளிச் சென்றார்கள், கொஞ்சம் சுண்ணாம்புக்காகச் சூளைக்கும் போனது. ஆனாலும் நாக்சோஸ் மக்கள் நிறுத்திய, ஏறத்தாழ 9 மீட்டர் உயரமிருந்த அப்போலோ சிலையின் பீடத்தைத் தேடிப் பாருங்கள். 'சிலையும் பீடமும் ஆகிய நான் ஒரே கல்' என்று அதில் பெருமையாக எழுதியிருக்கிறது. ஏதென்சுத் தளபதி நிக்கியாஸ் நிறுத்திய வெண்கலப் பேரீச்சை காற்றில் சாய்ந்து அந்தச் சிலையையும் வீழ்த்தியது என்று புளூட்டார்க் சொல்கிறார். மார்பும் இடுப்பும் சற்றுத் தள்ளி ஆர்ட்டெமிஸ் கோயிலருகே புல்லில் கிடக்கின்றன. பாதத்தின் ஒரு பகுதி இலண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்த முழுச் சுற்றுக்கும் நிதானமாக நடந்தால் நான்கு மணி நேரம் ஆகும். மூன்று மணி நேரமே இருந்தால் குன்றை விடுங்கள். இரண்டு மணி நேரமே இருந்தால் வீடுகள், நீர்த்தொட்டி, சிங்கங்கள் என்ற மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

களத்தில் நடந்துகொள்ளும் முறை

கயிறு கட்டிய இடத்தைத் தாண்டாதீர்கள், சுவர்மீது ஏறி அமராதீர்கள், சிலைகளைத் தொடாதீர்கள். மீறினால் எங்கிருந்தோ காவலரின் விசில் கேட்கும். தரையில் பானையோடும் மொசைக் கல்லும் உதிர்ந்து கிடப்பதைப் பார்ப்பீர்கள். ஒன்றைக்கூடப் பைக்குள் போடக்கூடாது. தொல்பொருள் தொடர்பான கிரேக்கச் சட்டம் மிகக் கடுமையானது; விமான நிலையச் சோதனையில் அகப்பட்டால் 'நினைவுக்காக எடுத்தேன்' என்பது பதிலாகாது. ட்ரோன் பறக்கவிடுவதற்கும் முக்காலி வைத்துப் படமெடுப்பதற்கும் முன் அனுமதி வேண்டும்.

கடைசிப் படகுக்கு இருபது நிமிடம் முன்னதாகத் துறைக்கு வந்துவிடுங்கள். நீங்கள் வரிசையில் நிற்கும் அந்தக் கரைமேடே அகழாய்வில் அள்ளிக் கொட்டிய மண்ணாலும் கல்லாலும் ஆனது. ஒருபுறம் பழைய புனிதத் துறை, மறுபுறம் வணிகத் துறை. எதிரே தாழ்ந்து தெரிவது ரேனியா. திரும்பும்போது பிற்பகல் காற்று வடக்கிலிருந்து வீசும். படகின் இடப்பக்கத் திறந்த இருக்கைகளில் அமர்பவர்கள் மிகோனோஸ் சேர்வதற்குள் நனைந்துவிடுவார்கள், ஆகவே கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு வலப்பக்கமாக இடம் பிடியுங்கள்.